வயது 204, பட்டம் ஒன்று: பீட்டர்பரோ பாந்தர்ஸின் 2021 ஸ்பீட்வே சீசன்

2021 அக்டோபரில் பிரிட்டனின் மேல்நிலை ஸ்பீட்வே (மண்தள மோட்டார் பைக் பந்தயம்) லீக்கான பிரீமியர்ஷிப் பட்டத்தைப் பீட்டர்பரோ பாந்தர்ஸ் வென்றது. இறுதிப்போட்டியில் தோற்றது மான்செஸ்டரின் பெல் வியூ ஏசஸ். வென்ற அணியின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால்தான் இதில் என்ன விசேஷம் என்று தெரியும். ஸ்காட் நிக்கல்ஸுக்கு 43 வயது. பியார்னே பெடர்சனுக்கும் 43. ஹான்ஸ் ஆண்டர்சனுக்கும் உல்ரிக் ஓஸ்டர்கார்டுக்கும் தலா 40. கிறிஸ் ஹாரிஸுக்கு 38. ஏழு பேர் கொண்ட அணியில் இந்த ஐந்து பேரின் வயதை மட்டும் கூட்டினால் 204 வருகிறது. மீதி இருவரில் மைக்கேல் பாம் டாஃப்ட் முப்பதைத் தொட்டவர். ஜோர்டன் பேலின் 17 வயதுப் பையன்.

பிரேக்கே இல்லாத பைக்கில் நான்கு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு வளைவில் சறுக்கிப் போகும் விளையாட்டுக்கு இப்படியொரு அணியா என்று சீசன் தொடங்கும் முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. 'டாட்ஸ் ஆர்மி' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 2018 இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஒட்டிய அதே பெயர்தான். அந்த அணி கோப்பையை வென்றதும் நமக்குத் தெரியும். கிரிக்கெட்டில் வயதானவரை ஸ்லிப்பில் நிறுத்திச் சமாளிக்கலாம். ஸ்பீட்வேயில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. பிறகு எப்படி வென்றார்கள்? 'அனுபவம் கைகொடுத்தது' என்ற ஒற்றை வரிப் பதில் எனக்குப் போதவில்லை. அனுபவம் எந்த இடத்தில் எத்தனை புள்ளியாக மாறியது என்று பார்த்தால் இந்த லீக் எப்படி இயங்குகிறது என்பதே விளங்கிவிடும்.

முதலில் விளையாட்டு. பைக்கின் எஞ்சின் 500 சிசி, ஒரே சிலிண்டர், ஒரே கியர், மெத்தனால் எரிபொருள். எடை 77 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஓடுதளம் நீள்வட்டம், மேலே ஷேல் எனப்படும் பொடிக்கல் மண். எப்போதும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். அதனால் இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்பார்கள். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு ஓட்டத்தில், நான்கு பேர், அணிக்கு இருவர். நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு போட்டிக்கு 15 ஹீட், மொத்தம் 90 புள்ளி. 46 எடுத்த அணி ஜெயித்தது.

இந்தக் கணக்கில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. எதிரணியில் யாராலும் பிடிக்க முடியாத ஒரு சூரன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முதலில் வந்து 3 எடுக்கிறான். உங்கள் ஆட்கள் இருவரும் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தால் உங்களுக்கும் 3. ஹீட் சமன். சூரன் ஓடியும் அவன் அணிக்கு ஒரு புள்ளி லாபமில்லை. சூரன் ஓடாத ஹீட்டில் உங்கள் இருவரும் முதலிரண்டு இடத்தைப் பிடித்தால் 5-1. அப்படி மூன்று ஹீட் கிடைத்தால் 12 புள்ளி முன்னிலை. அப்புறம் அதைத் துரத்துவது பெரும்பாடு. ஸ்பீட்வே லீக்கில் அணியின் பலத்தை அளக்க அதன் முதல் ஆளைப் பார்ப்பதைவிட ஐந்தாவது ஆளைப் பார்ப்பது நல்லது.

இனி அந்த ஆண்டின் நிலவரம். கொரோனாவால் 2020 லீக் நடக்கவேயில்லை. வழக்கமாக மார்ச் மாதமே சூடுபிடிக்கும் சீசன் 2021 இல் மே மாதம்தான் தொடங்கியது. களத்தில் இருந்தவை ஆறே அணிகள்: பீட்டர்பரோ, பெல் வியூ, ஷெஃபீல்ட், உல்வர்ஹாம்ப்டன், இப்ஸ்விச், கிங்ஸ் லின். 2019 இல் பட்டம் வென்ற ஸ்விண்டன் இல்லை. அடுக்கடுக்காகப் பட்டங்களை வென்ற பூல் பைரேட்ஸ் அடுத்த நிலையான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிட்டது. அங்கிருந்து ஷெஃபீல்ட் மேலே வந்திருந்தது. 1965 இல் பிரிட்டிஷ் லீக்காகத் தொடங்கி, 1997 முதல் எலீட் லீக்காகவும் 2017 முதல் பிரீமியர்ஷிப்பாகவும் நடந்துவரும் மேல்நிலைப் போட்டிக்கு ஆறு அணி என்பது மெலிந்த எண்ணிக்கைதான். உலகத் தரவரிசையின் உச்சியில் இருப்பவர்கள் பலரும் பணம் அதிகம் புழங்கும் போலந்துக்கு முக்கியத்துவம் கொடுத்து, பிரிட்டனில் ஓடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

வயதானவர்கள் பீட்டர்பரோவில் மட்டும் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மூன்று முறை உலக சாம்பியனான ஜேசன் கிரம்ப் 2012 இல் ஓய்வு பெற்றவர். 2021 இல் 45 வயதில் இப்ஸ்விச்சுக்காகத் திரும்பி வந்தார். மற்ற அணிகளில் அனுபவசாலிகள் ஒருவர் இருவராக இருந்தார்கள். பீட்டர்பரோதான் அவர்களை வைத்தே அணியைக் கட்டியது.

ஏன் கட்டியது? இங்கேதான் சராசரி என்ற விஷயம் வருகிறது. ஐபிஎல் அணிக்குப் பண வரம்பு இருப்பதுபோல பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் சராசரிக்கு வரம்பு. ஒவ்வொரு ரைடருக்கும் நான்கு ஓட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒரு சராசரி இருக்கும். தன் அணிக்காரருக்கு நேர் பின்னால், எதிரணியில் ஒருவரையாவது முந்தி வந்தால் ஒரு போனஸ் புள்ளி கிடைக்கும். அதுவும் இந்தச் சராசரியில் சேரும். ஒரு ரைடரின் உச்சபட்ச சராசரி 12. அணியில் இருப்பவர்களின் சராசரிகளைக் கூட்டினால் அந்த ஆண்டுக்கென்று விதித்த வரம்பைத் தாண்டக்கூடாது. ஒரு நட்சத்திரத்தை எடுத்தால் வரம்பில் பெரும்பங்கு அவருக்கே போய்விடும். கீழே இரண்டு மூன்று இடங்களைச் சுமாரான ஆட்களைக் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

சராசரி என்பது ஒருவர் போன சீசனில் என்ன செய்தார் என்று சொல்லும் எண். வரும் சீசனில் என்ன செய்வார் என்று அதற்குத் தெரியாது. உச்சத்தைத் தாண்டிய ரைடரின் சராசரி மெல்ல இறங்கும். சில நேரம் அவருடைய உண்மையான திறனைவிட வேகமாக இறங்கும். ஒரு காயம், ஒரு மோசமான எஞ்சின், மனசு ஒட்டாத ஒரு கிளப், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அப்படிப்பட்டவரை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தால் தன் எண்ணுக்கு மேலே எடுத்துக் கொடுப்பார். பீட்டர்பரோ இப்படிப்பட்ட ஒருவரோடு நிற்காமல் அணி முழுக்க அதையே செய்தது என்பது என் கணிப்பு. எல்லாரையும் மிரட்டும் சூரன் அந்த அணியில் இல்லை. ஓட்டைகளும் இல்லை.

அணி மேலாளர் ராப் லயன் முன்பு கிரேட் பிரிட்டன் தேசிய அணியைக் கவனித்தவர். பெரிய பெயர்களைக் கையாளத் தெரிந்தவர். உரிமையாளர் கீத் சாப்மனுக்கு எதிரணியான கிங்ஸ் லின்னும் அப்போது சொந்தம். நமக்கு இது விநோதமாகத் தோன்றும். ஒருவரே இரண்டு கிளப்பைத் தாங்கினால்தான் லீக்கில் ஆறு அணியாவது மிஞ்சும் என்ற நிலைமைக்கு அது ஓர் அடையாளம்.

ஆட்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நிக்கல்ஸ் ஏழு முறை பிரிட்டிஷ் சாம்பியன். முதல் பட்டம் 2002 இல், கடைசிப் பட்டம் 2012 இல். ஹாரிஸ் 2007 இல் கார்டிஃபில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரியை வென்றவர். பின்னாலிருந்து வெளிவட்டத்தில் ஏறி முந்துவதுதான் அவருடைய முத்திரை. கடைசி இடத்தில் வளைவுக்குள் நுழைந்தாலும் அவரை யாரும் கணக்கிலிருந்து கழித்துவிட மாட்டார்கள். 2006 இலும் 2008 இலும் உலகக் கோப்பையை வென்ற டென்மார்க் அணியில் பெடர்சனும் ஆண்டர்சனும் இருந்தார்கள். ஆண்டர்சனுக்குப் பீட்டர்பரோ புதிதும் இல்லை. 2006 இல் இந்தக் கிளப் எலீட் லீக் பட்டத்தை வென்றபோது முன்னணியில் நின்றவர் அவர்தான். 15 ஆண்டு கழித்து அதே தளத்தில், அதே கிளப்புக்கு அடுத்த மேல்நிலைப் பட்டம். இந்த ஒரு தகவலுக்காகவே இந்தச் சீசனைப் பற்றி எழுதலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, வயது ஏன் இடிக்கவில்லை?

ஹீட் ஒரு நிமிடம்தான். அதில் பெரும்பகுதி முதல் மூன்று நொடியில் முடிவாகிவிடும். தொடக்கக் கோட்டில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். நான்கு பேருக்கும் நான்கு கேட், அதாவது நின்று கிளம்பும் இடம். சொந்த மண்ணின் இருவருக்குச் சிவப்பும் நீலமும் ஹெல்மெட் நிறம், வந்தவர்களுக்கு வெள்ளையும் மஞ்சளும். இரண்டு நிமிடக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஆள் பைக்கை நிறுத்திவிட்டுத் தன் கேட்டின் மண்ணைப் பூட்ஸால் கிளறுவார். முந்தைய ஹீட்டுகளில் பின்சக்கரங்கள் தோண்டிய குழியை நிரப்பி மிதிப்பார். ஈரமான அடிமண் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார், ஏனென்றால் சக்கரத்துக்குப் பிடிப்பு அங்கேதான். சக்கரம் நிற்க வேண்டிய இடத்தை ஒரு கையகலம் தள்ளிக்கொள்வார். இதெல்லாம் முடிந்துதான் தொடக்கக் கோட்டின் குறுக்கே கட்டிய டேப்புக்கு நேராக வந்து நிற்பார். டேப் மேலே எழும்பும் கணத்தில் கிளட்ச்சை விட வேண்டும். ஒரு நொடியின் சிறு பங்கு முந்திக்கொண்டு டேப்பைத் தொட்டால் தண்டனை. பிந்தினால் அடுத்தவர்கள் வாரியடிக்கும் மண் முகத்தில். 17 வயதுப் பையனின் கை வேகமானது. 43 வயதுக்காரரின் கை, எத்தனையோ ஆயிரம் முறை அதே டேப்பைப் பார்த்துப் பழகியது. தொடக்கத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மண்ணைப் படிப்பதில் பழைய கைக்குத்தான் அனுகூலம்.

அடுத்து, தளங்கள். பிரிட்டனில் ஒரு தளம்போல இன்னொன்று இருக்காது. உல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன் 264 மீட்டர்தான். நேர்ப்பாதை முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஷெஃபீல்டின் அவ்லர்ட்டன் 361 மீட்டர். அங்கே த்ரோட்டிலை முழுக்கத் திறந்து வைத்திருக்க நெஞ்சுரம் வேண்டும். பீட்டர்பரோ 336 மீட்டர், அகலமாகவும் இருக்கும். ஓரத்தில் ஏறி முந்த இடம் தரும் தளம், அதாவது ஹாரிஸுக்குச் செய்து வைத்ததுபோன்ற தளம். பைக்கில் ஒரே கியர் என்பதால் ஒவ்வொரு தளத்துக்கும் பின் ஸ்புராக்கெட்டில் (பற்சக்கரத்தில்) எத்தனை பல் வேண்டும் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் அதற்கொரு கணக்கு, வெயில் காய்ந்தால் வேறொரு கணக்கு. ஹீட்டுகளுக்கு நடுவே டிராக்டர் ஓடி மண்ணை வாரிப் போட்டுவிட்டால் அதற்கும் ஒரு கணக்கு. 20 ஆண்டாக இதே ஊர்களில் ஓடுபவர்களுக்கு முதல் ஹீட்டிலேயே பாதி விடை தெரிந்திருக்கும். முந்தைய ஆண்டு லீக்கே நடக்காததால், இளம் ரைடர்கள் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு முழு வருடம் பறிபோயிருந்தது. ஏற்கெனவே கற்றவர்களிடம் அந்தக் கணக்கு பத்திரமாக இருந்தது.

மூன்றாவது காரணம் ஜோடி ஓட்டம். இதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். முன்னால் போகிறவர் வெறுமனே ஜெயித்துக்கொண்டு போனால் அது பாதி வேலை. தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் அணிக்காரருக்கு உள்வட்டத்தைத் திறந்துவிட்டு, தான் வெளியே நகர்ந்து எதிராளியின் வழியை அடைத்தால்தான் 3-3 ஆக இருந்தது 5-1 ஆக மாறும். தன்னுடைய வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் இது நடக்கும். முன்னேறத் துடிக்கும் 22 வயதுக்காரருக்கு இந்த விட்டுக்கொடுத்தல் சுலபமாக வராது. தனிப்பட்ட பட்டங்களை எல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கு வரும்.

பேலினையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 இல் ஒவ்வொரு அணியும் 'ரைசிங் ஸ்டார்' என்ற பெயரில் ஓர் இளம் பிரிட்டிஷ் ரைடரைச் சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பீட்டர்பரோவுக்குப் பேலின். பைக்குகளைத் தயார்செய்யும் பிட்ஸில் அவருக்கு இருபுறமும் உலகக் கோப்பை வென்றவர்கள். 17 வயதில் அப்படியொரு இடத்தில் உட்கார்ந்து ஸ்புராக்கெட் மாற்றக் கற்பது எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது. ரிசர்வ் விதியையும் கவனிக்க வேண்டும். சராசரி குறைந்தவர்களுக்கான ரிசர்வ் இடத்திலிருந்து ஒருவர் ஏழு முறை வரை ஓடலாம். வேறு அணிகளில் அந்த இடம் பலவீனமாக இருக்கும். பீட்டர்பரோவில் அந்த இடத்துக்கு இறங்கும் பெரியவருக்குக்கூட சர்வதேச அனுபவம் இருந்தது.

இவர்கள் எதிர்கொண்ட அணி லேசுப்பட்டது இல்லை. பெல் வியூவில் டான் ப்யூலிக்கு அப்போது 22 வயது. அதே அக்டோபரில், பெல் வியூவின் சொந்தத் தளத்திலேயே, ராபர்ட் லம்பெர்ட்டோடு சேர்ந்து கிரேட் பிரிட்டனுக்கு ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 1989 க்குப் பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் உலக அணிப் பட்டம் அது. அடுத்த ஆண்டு கார்டிஃப் கிராண்ட் பிரியையும் வென்றார். இன்னொரு பெல் வியூ ரைடரான ஆஸ்திரேலியாவின் பிராடி குர்ட்ஸ் 2025 உலகப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தார். இப்படி இரண்டு பேர் ஓர் அணியில் இருந்தால் முதலிடங்களில் பாதி அவர்களுக்குத்தான் போகும். அதனால்தான் இரண்டு, மூன்றாம் இடங்களின் கணக்கு இந்த மோதலில் அவ்வளவு முக்கியமாகிறது. பெல் வியூ கடைசியாக லீக்கை வென்றது 1993 இல். 28 ஆண்டுத் தாகத்தோடு வந்தவர்களை இரண்டு கட்ட இறுதிப்போட்டியில் சமாளிப்பது எளிதாக இருந்திருக்காது.

அந்த ஆண்டு லீக்கே பலவீனம், அதனால்தான் கிழவர்கள் ஜெயித்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான், பாதி ஒத்துக்கொள்கிறேன். போலந்தின் மேல்நிலை லீக்கான எக்ஸ்ட்ராலிகாவில் இதே ஏழு பேரை இறக்கியிருந்தால் கதை வேறு. ஆனால் அதே பலவீனமான லீக்கில்தான் மற்ற ஐந்து அணிகளும் இருந்தன. அதே வரம்பு, அதே விதி, அதே சந்தை. இளைஞர்களை எடுக்க எல்லாருக்கும் வாய்ப்பு இருந்தது. ப்யூலி, குர்ட்ஸ், அந்த ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியனான ஷெஃபீல்டின் ஆடம் எல்லிஸ் போன்றவர்கள் உள்ள லீக்கை வெறும் பலவீனம் என்று தள்ளவும் முடியாது.

இந்த உத்தியில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. ஸ்பீட்வேயில் விழாமல் யாரும் சீசனை முடிப்பதில்லை. 20 வயதில் உடைந்த காறை எலும்பு சில வாரத்தில் கூடிவிடும். 43 இல் அப்படி இல்லை. ஒருவர் விழுந்தால் வேறு அணி ரைடரை ஒரு போட்டிக்கு விருந்தாளியாகக் கூப்பிடவும், மற்றவர்கள் அவருடைய ஓட்டங்களைப் பங்கிட்டுக்கொள்ளவும் பிரிட்டிஷ் விதியில் இடமுண்டு. ஆனால் விருந்தாளியோடு அந்த ஜோடிப் புரிதல் வராது. இரண்டு பேர் நீண்ட நாள் படுத்திருந்தால் இந்தத் திட்டம் குலைந்திருக்கும். அந்த ஆண்டு தாங்கியது. இதை வருடாவருடம் செய்துகொண்டிருக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

1999, 2006, 2021. பீட்டர்பரோவின் மேல்நிலைப் பட்டங்கள் இந்த மூன்றும்தான். 2022 இல் பெல் வியூ தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டது. 2023 இல் ஷெஃபீல்ட் வென்றது. அதே 2023 உடன் பீட்டர்பரோ கிளப்பின் ஓட்டம் நின்றது. காரணம் வயதோ தோல்வியோ இல்லை, நிலம். 1970 முதல் அவர்கள் ஓடிவந்த ஈஸ்ட் ஆஃப் இங்கிலாந்து ஷோகிரவுண்ட் வீடு கட்டும் திட்டத்துக்குள் போய்விட்டது. உல்வர்ஹாம்ப்டனும் அதே ஆண்டோடு மான்மோர் கிரீனை இழந்தது. கவென்ட்ரி 2016 க்குப் பிறகு தன் பிராண்டன் தளத்துக்குத் திரும்பவில்லை. 2019 சாம்பியன் ஸ்விண்டனும் திரும்பவில்லை. பிரிட்டிஷ் கிளப்புகளில் பெரும்பாலானவை அடுத்தவர் இடத்தில் வாடகைக்கு இருப்பவை. நாய்ப் பந்தய அரங்கமோ, கண்காட்சித் திடலோ, உரிமையாளர் முடிவெடுத்தால் அன்றோடு சரி. சராசரிக்கு வரம்பு வைத்து அணிகளைச் சமன்செய்யத் தெரிந்த லீக்குக்குத் தளங்களைக் காப்பாற்ற ஒரு விதி இல்லை. எனக்கு இதில் ஆதங்கம் அதிகம், மறைக்க விரும்பவில்லை. சாம்பியன் ஆன இரண்டே ஆண்டில் ஒரு கிளப் வீடிழந்து நிற்பது, எந்த விளையாட்டாக இருந்தாலும் அதை நடத்துபவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

பெல் வியூ இந்த வகையில் தப்பித்தது. 2016 இல் திறக்கப்பட்ட நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம் இந்த விளையாட்டை மனதில் வைத்தே மான்செஸ்டரில் கட்டப்பட்டது. 2022 பட்டத்தையும், 2024 இல் இன்னொரு பட்டத்தையும் அந்த அணி வென்றது. 2021 இறுதிப்போட்டியில் மோதிய இரண்டு கிளப்புகளில் தோற்றதற்குத்தான் இன்று தளமும் அணியும் இருக்கின்றன.